நிண்டெண்டோ டிஎஸ் லைட்டில் ஜப்பானின் விசித்திர கேம்கள்: வாங்குவதிலிருந்து விளையாடுவது வரை

கறுப்புச் சீருடை அணிந்த மூன்று இளைஞர்கள். நெற்றியில் துணிப்பட்டை, கையில் வெள்ளை உறை. யாராவது நெருக்கடியில் சிக்கி அலறினால் எங்கிருந்தோ குதித்து வந்து, பாட்டுக்கு ஆடி, கத்திக் கத்தி உற்சாகப்படுத்துவார்கள். வீட்டு இரைச்சலுக்கு நடுவே நுழைவுத் தேர்வுக்குப் படிக்கும் மாணவனும், ஓடும் ரயிலில் வயிறு கலங்கித் தவிக்கும் வயலின் கலைஞரும், உடம்பு இளைக்கத் துடிக்கும் எகிப்து ராணி கிளியோபாட்ராவும் அவர்களுக்கு ஒன்றுதான். 2005 ஜூலையில் ஜப்பானில் மட்டும் வெளியான 'ஓஸ்! ததகாயே! ஓயெந்தான்' என்ற கேம் இது.

இதுபோன்ற கேம்கள் நிண்டெண்டோ டிஎஸ் என்ற கையடக்க கேம் கருவியில் குவிந்து கிடக்கின்றன. டச் ஸ்கிரீன், மைக், இரண்டு திரை, மடியும் மூடி என்று அந்தக் கருவியின் உடம்பு முழுவதையும் விளையாட்டுப் பொருளாக்கிப் பார்த்தார்கள் ஜப்பானியப் படைப்பாளிகள். அதனால்தான் போனிலோ கணினியிலோ எமுலேட்டர் (அந்தக் கருவிபோல நடிக்கும் மென்பொருள்) போட்டுப் பார்த்துவிட்டு "இதில் என்ன இருக்கிறது" என்று கேட்பவர்களிடம், அசல் கருவியைக் கையில் எடுங்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். ஜப்பானிய மொழி தெரியாமலே இவற்றில் பாதிக்கு மேல் ரசிக்க முடியும். எங்கே தொடங்குவது, எந்த வரிசையில் போவது என்பதை மட்டும் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலில் கருவி

டிஎஸ் குடும்பத்தில் பல மாடல்கள் உண்டு. முதல் டிஎஸ் 2004 நவம்பரில் அமெரிக்காவிலும் அடுத்த மாதம் ஜப்பானிலும் வந்தது. டிஎஸ் லைட் 2006 மார்ச்சில், டிஎஸ்ஐ 2008 நவம்பரில். பின்னால் வந்த 3டிஎஸ்ஸிலும் டிஎஸ் கார்ட்ரிட்ஜ், அதாவது கேம் பதிந்த சிறு அட்டை, ஓடும்.

ஒன்றே ஒன்று வாங்குவதென்றால் டிஎஸ் லைட். எடை 218 கிராம், முதல் டிஎஸ்ஸைவிடத் திரை வெகு பிரகாசம். கீழ்ப் பக்கத்தில் நிண்டெண்டோவின் முந்தைய கையடக்கக் கருவியான கேம் பாய் அட்வான்ஸின் கார்ட்ரிட்ஜுக்கான துளையும் இருக்கிறது. டிஎஸ்ஐயில் அந்தத் துளையை எடுத்துவிட்டார்கள். அதோடு ஜப்பானில் விற்ற டிஎஸ்ஐ, 3டிஎஸ் கருவிகளின் மெனு ஜப்பானிய மொழியில் மட்டுமே இருக்கும். ஜப்பானிய டிஎஸ் லைட்டில் ஆங்கிலத்துக்கு மாற்றிக்கொள்ளலாம்.

3டிஎஸ் ஏற்கெனவே வைத்திருக்கிறீர்களா? அதிலேயே தொடங்கலாம். டிஎஸ் கேமைத் திறக்கும்போது ஸ்டார்ட் அல்லது செலக்ட் பட்டனை அழுத்திப் பிடித்தால், படம் இழுபடாமல் அசல் அளவில் கூர்மையாகத் தெரியும். மடிக்க முடியாத பலகை வடிவ 2டிஎஸ்ஸை மட்டும் இதற்காக வாங்காதீர்கள். மூடியை மடிப்பதே விடையாக இருக்கும் புதிர்கள் சில கேம்களில் வருகின்றன.

இனி நல்ல செய்தி. சாதாரண டிஎஸ் கார்ட்ரிட்ஜ்களுக்கு நாட்டுப் பூட்டு கிடையாது. ஜப்பானில் வாங்கிய கேம் சிங்கப்பூரில் வாங்கிய கருவியில் ஓடும், ஐரோப்பிய கேம் ஜப்பானியக் கருவியில் ஓடும். டிஎஸ்ஐக்கென்று கூடுதல் வசதியோடு பிற்காலத்தில் வந்த சில கேம்கள் டிஎஸ்ஐயிலும் 3டிஎஸ்ஸிலும் போட்டால் பூட்டு காட்டும். அதே கேம்களைத் டிஎஸ் லைட்டில் போட்டால் மறுபேச்சில்லாமல் ஓடும். லைட்டை வாங்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

பழைய கருவியை வாங்கும்போது

புதிதாகக் கிடைக்காது, பழையதுதான். ஜப்பானுக்குப் போகும் நண்பர் இருந்தால் பழைய பொருள் விற்கும் புக் ஆஃப், ஹார்ட் ஆஃப் கடைகளில் பார்க்கச் சொல்லுங்கள். ஹார்ட் ஆஃபில் 'ஜங்க்' என்று எழுதிய பெட்டிகளில் கிடப்பதெல்லாம் உடைந்தவை அல்ல. கடை பொறுப்பேற்காது, திருப்பி வாங்காது என்பதுதான் அதன் பொருள். சார்ஜர் இல்லாததால் சோதிக்கப்படாமல் அங்கே விழுந்த நல்ல கருவிகளும் உண்டு. டோக்கியோவின் அகிஹாபாராவில் உள்ள பழைய கேம் கடை சூப்பர் பொட்டேட்டோ கண்ணுக்கு விருந்து, பைக்குப் பாரம்.

கையில் வாங்கியதும் முதலில் வலது கீலைப் பாருங்கள். டிஎஸ் லைட்டின் பலவீனமே அதுதான், மயிரிழை விரிசல் அங்கே தொடங்கும். மூடியை மெல்ல முன்னும் பின்னும் அசைக்கும்போது மேல்திரை மினுக்கினால் உள்ளே ஓடும் கேபிள் தேய்ந்திருக்கிறது, வேண்டாம். பிறகு மெனுவில் உள்ள பிக்டோசாட் என்ற வரையும் செயலியைத் திறந்து, திரையின் மூலைக்கு மூலை ஸ்டைலஸால் (தொடுதிரைக்கான குச்சி) நேர்கோடு இழுங்கள். கோடு வளைந்தாலோ ஒதுங்கினாலோ செட்டிங்ஸில் டச் ஸ்கிரீனை அளவு திருத்திப் பார்க்கலாம். திருத்திய பிறகும் கோடு அறுந்தால் திரையையே மாற்ற வேண்டியிருக்கும். எல், ஆர் பட்டன்களை ஓரத்திலும் நடுவிலும் அழுத்திப் பாருங்கள். ஒரு திரை மட்டும் லேசாக மஞ்சளடித்திருப்பது சகஜம், ஆட்டத்தைக் கெடுக்காது.

கார்ட்ரிட்ஜில் போலிகள் ஏராளம். அசல் ஜப்பானிய டிஎஸ் கார்ட்ரிட்ஜின் லேபிளில் உள்ள குறியீடு 'என்டிஆர்' எனத் தொடங்கி 'ஜேபிஎன்' என முடியும். அச்சு மங்கி, எழுத்து பிசிறடித்து, பிளாஸ்டிக் நிறமும் வேறாக இருந்தால் விலகிவிடுங்கள்.

மின்சாரம், பேட்டரி, படலம்

ஜப்பானில் சுவர் மின்சாரம் 100 வோல்ட். நமக்கு 230. அங்கிருந்து வந்த அடாப்டரில் அச்சிட்டிருக்கும் எண்ணைப் படிக்காமல் சொருகாதீர்கள், புகைந்துவிடும். டிஎஸ் லைட்டுக்கென்றே விற்கும் யுஎஸ்பி கேபிள் வாங்கினால் இந்தக் கவலை இல்லை. லைட்டின் சார்ஜிங் துளை வேறு, டிஎஸ்ஐ மற்றும் 3டிஎஸ்ஸின் துளை வேறு என்பதை மட்டும் கடைக்காரரிடம் தெளிவாகச் சொல்லுங்கள்.

பின்பக்கத்தில் ஒரே திருகு, அதைக் கழற்றினால் பேட்டரி. உப்பியிருந்தால் உடனே மாற்றுங்கள். நல்ல பேட்டரியில் குறைந்த வெளிச்சத்தில் 15 முதல் 19 மணி நேரம் வரை, முழு வெளிச்சத்தில் 5 முதல் 8 மணி நேரம் வரை ஓடும் என்பது நிண்டெண்டோ கொடுத்த கணக்கு.

கீழ்த்திரைக்குப் பாதுகாப்புப் படலம் ஒட்டாமல் எந்த கேமையும் தொடங்க வேண்டாம். முக்கியமாக ஓயெந்தான். அதில் ஸ்டைலஸை வெறித்தனமாகச் சுழற்ற வேண்டிய இடங்கள் வருகின்றன. படலம் இல்லாத திரையின் நடுவே வட்ட வட்டமாகக் கீறல் விழும்.

மொழியைத் தாண்டுதல்

கருவியின் மெனுவை ஆங்கிலத்துக்கு மாற்றுவது எளிது. மொழிப் பட்டியலில் ஒவ்வொரு மொழியும் அதனதன் எழுத்திலேயே இருக்கும். ஆனால் ஜப்பானிய கேமின் உள்ளே இருப்பது ஜப்பானிய மொழிதான், அது மாறாது. அதற்குச் சில அடையாளங்கள் போதும்.

ஜப்பானிய எழுத்து வகைகளில் ஒன்றான ஹிராகனாவில் 'ஆம்' என்பது இரண்டு எழுத்து. 'இல்லை' என்பது மூன்று எழுத்து, அதில் முதல் இரண்டும் ஒரே எழுத்து. கேள்வி புரியாவிட்டாலும் எது ஆம், எது இல்லை என்பது இதிலேயே விளங்கிவிடும்.

தொடக்கத் திரையில் பெரும்பாலும் இரண்டு வரி இருக்கும். 'முதலிலிருந்து', 'விட்ட இடத்திலிருந்து'. இரண்டும் முடிவது ஒரே இரண்டு எழுத்துகளில் என்பதால் குழம்பிப்போவோம். விட்ட இடத்திலிருந்து தொடரும் வரியில், முதல் எழுத்தே தலைமாட்டில் இரண்டு சிறு கீறலோடு இரண்டாவது எழுத்தாகவும் வரும். அந்த இரட்டையைக் கண்டுபிடித்துவிட்டால் உங்கள் சேமிப்பு பிழைத்தது. சேமிப்புத் திரையில் புரியாத கேள்வி எது வந்தாலும் பி பட்டனை அழுத்துங்கள், பின்வாங்கிவிடும். நிண்டெண்டோ கருவியில் ஏ என்றால் சரி, பி என்றால் வேண்டாம்.

இதற்கு மேலும் ஆர்வம் இருந்தால் கதகானா எழுத்துகளைக் கற்றுக்கொள்ளுங்கள். அடிப்படை எழுத்துகள் 46. ஸ்டார்ட், சேவ், ஆப்ஷன் போன்ற ஆங்கிலச் சொற்களை ஜப்பானியர் இந்தக் கோணல் எழுத்துகளில்தான் எழுதுகிறார்கள். வாசிக்கத் தெரிந்தாலே பொருள் தெரிந்த மாதிரி. கேம் மெனுக்களில் இவை எக்கச்சக்கம்.

முதல் கேம்: ஓயெந்தான்

வேறு எதிலும் தொடங்க வேண்டாம். ஐனிஸ் என்ற நிறுவனம் கெய்ச்சி யானோவின் தலைமையில் செய்த கேம் இது. மேல்திரையில் கதை மாங்கா (ஜப்பானிய காமிக்ஸ்) பாணிப் படங்களாக ஓடும். கீழ்த்திரையில் எண்ணிட்ட வட்டங்கள் தோன்றும். ஒவ்வொரு வட்டத்தையும் சுற்றி ஒரு பெரிய வளையம் சுருங்கி வரும், அது வட்டத்தைத் தொடும் நொடியில் ஸ்டைலஸால் தட்ட வேண்டும். சில இடங்களில் உருளும் பந்தைப் பாதையோடு இழுத்துப் போக வேண்டும். சில இடங்களில் சக்கரத்தைச் சுழற்ற வேண்டும். அவ்வளவுதான் விதி.

புதியவர்கள் எல்லோரும் வளையத்தையே உற்றுப் பார்த்துத் தட்டுவார்கள், அதனால் எப்போதும் கொஞ்சம் பிந்துவார்கள். வட்டம் வருவது பாட்டின் சொல்லுக்கும் தாளத்துக்கும். எங்கே தட்டுவது என்பதைக் கண் சொல்லட்டும், எப்போது என்பதைக் காது சொல்லட்டும். பாட்டு ஓரளவு மனப்பாடமான பிறகு வளையத்தைப் பார்க்கவே தேவையிருக்காது. சக்கரம் வரும்போது பெரிய வட்டம் போடாதீர்கள், மையத்தை ஒட்டிச் சிறு வட்டமாக வேகமாகச் சுற்றுங்கள். உயிர்க்கோடு நீங்கள் சும்மா இருக்கும்போதும் குறைந்துகொண்டே வரும், ஆகவே பயந்து பயந்து சில வட்டங்களை விடுவதைவிடத் தப்பானாலும் தட்டுவது மேல்.

பாட்டின் நடுவே இடைவெளி வரும், அப்போது மேலே பாருங்கள். நீங்கள் ஆடியதற்கு ஏற்ப அந்த மனிதர் ஜெயித்துக்கொண்டோ நாசமாகிக்கொண்டோ இருப்பார். தோற்றாலும் அந்தக் காட்சிகளைப் பார்ப்பதற்காகவே ஒருமுறை தோற்கலாம்.

எல்லாம் கூத்தாகவே போகும் என்று நினைக்கும்போது ஓர் ஆட்டம் வரும். விபத்தில் இறந்தவன், காதலியிடம் சொல்லாமல் போன சொல்லைச் சொல்வதற்காக ஆவியாகத் திரும்பி வருகிறான். அதே கறுப்புச் சீருடைக்காரர்கள், அதே வட்டங்கள், ஆனால் இம்முறை கை நடுங்கும். கடைசி ஆட்டத்தில் பூமியை நோக்கி விண்கல் வருகிறது, நீங்கள் இதுவரை காப்பாற்றியவர்கள் எல்லோரும் சேர்ந்து கத்துகிறார்கள். அதோடு விட்டுவிடாதீர்கள். மேலே போகப் போகக் கடினம் கூடும். உச்சக் கடினத்தில் இளைஞர்களுக்குப் பதில் சியர்லீடர் பெண்கள் வருவார்கள், வட்டங்களும் இடம் மாறி வேகம் எடுக்கும்.

ஜப்பானுக்கு வெளியே இதைத் தருவித்து விளையாடியவர்கள் கொண்டாடியதன் தொடர்ச்சியாக 2006 நவம்பரில் அமெரிக்காவுக்கென்று 'எலைட் பீட் ஏஜென்ட்ஸ்' வந்தது. இன்று கணினியில் லட்சக்கணக்கானோர் ஆடும் 'ஓசு!' இந்த விதிகளிலிருந்தே 2007இல் பிறந்தது. இரண்டாம் பாகம் 2007 மேயில் வந்தது, முதல் பாகத்தைவிடக் கச்சிதம். ஆனாலும் முதலில் முதலாவதையே ஆடுங்கள், அந்த முரட்டுத்தனம் இரண்டாவதில் இல்லை.

இரண்டாவது: ரிதம் தெங்கோகு கோல்ட்

இசைத் தயாரிப்பாளர் த்சுன்கு நிண்டெண்டோவோடு சேர்ந்து செய்தது, 2008 ஜூலையில் வந்தது. கருவியைப் புத்தகம்போல நிமிர்த்திப் பிடிக்க வேண்டும், ஒரு பக்கம் படம், மறு பக்கம் தொடுதிரை. பட்டன்களுக்கு வேலையே இல்லை.

சின்னச் சின்னத் தாள விளையாட்டுகளின் தொகுப்பு. ஈஸ்டர் தீவின் 'மோவாய்' கற்சிலைகள் இரண்டு மாறி மாறிப் பாடும். துறவி ஒருவர் பறந்து வரும் கொழுக்கட்டைகளை விழுங்குவார். பாடகர் குழுவில் மூன்றாமவராக நின்று, மற்ற இருவர் நிறுத்தும்போது நீங்களும் வாயை மூட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் முன்பு பயிற்சி உண்டு, பார்த்தாலே புரியும்.

இந்த கேமில் எல்லோரும் தடுக்கி விழும் இடம் ஒன்றுதான்: ஸ்டைலஸைத் திரையில் வைத்து, சட்டென்று சுண்டி எடுப்பது. திரையில் இழுத்தால் கணக்கில் வராது, மெதுவாகத் தூக்கினாலும் வராது. மணிக்கட்டால் சுண்ட வேண்டும், சுண்டும்போதே முனை திரையை விட்டு மேலே எழ வேண்டும். முதல் பயிற்சியிலேயே பத்து நிமிடம் இதற்கென்று ஒதுக்கிவிடுங்கள், பிறகு மிச்சப் பாதையெல்லாம் சுகம்.

வெள்ளை உருவங்கள் வரிசை வரிசையாக நின்று ஒரே அசைவில் ஆடும் ஆட்டம் ஒன்று வரும். சமத்தில் தட்டிக்கொண்டிருப்பீர்கள், ஒரு குரல் எச்சரிக்கும், உடனே எல்லோரும் அரை இடம் தள்ளித் தட்ட ஆரம்பிப்பார்கள். கச்சேரியில் பல்லவி அரை இடம் தள்ளி எடுக்கும்போது கை தாளத்தை விடாமல் போட்டுப் பழகியவர்களுக்கு இது உடனே பிடிபடும். மற்றவர்கள் காலால் சமத்தைத் தட்டிக்கொண்டே கையால் விளையாடிப் பாருங்கள், மாற்றம் வரும்போது கால் நிலைநிறுத்தும். கண்ணை மூடிக்கொண்டு ஆடுவது இன்னும் நல்லது. படம் பல நேரம் வேண்டுமென்றே திசைதிருப்பும், ஒலி ஒருபோதும் பொய் சொல்லாது.

மூன்று முறை தோற்றால் காபிக் கடைக்குப் போங்கள். அங்கே இருப்பவர் அந்த ஆட்டத்தைத் தாண்டி விடவா என்று கேட்பார். தயங்காமல் இரண்டெழுத்தைத் தேர்ந்தெடுங்கள், பிறகு வந்து பார்த்துக்கொள்ளலாம்.

இயர்போன் கம்பியுள்ளதாக இருக்கட்டும். அடாப்டர் வைத்து புளூடூத்தில் கேட்டால் ஒலி ஒரு கணம் பிந்தி வரும், தாள விளையாட்டில் அந்த ஒரு கணம்தான் எல்லாம். இந்த கேம் 'ரிதம் ஹெவன்' என்ற பெயரில் அமெரிக்காவில் ஆங்கிலத்திலும் வந்திருக்கிறது. இரண்டும் கிடைத்தால் ஜப்பானியப் பதிப்பை எடுங்கள். பாட்டுகளை அசல் குரலில் கேட்க வேண்டும். இதற்கு முந்தைய 'ரிதம் தெங்கோகு' 2006இல் கேம் பாய் அட்வான்ஸுக்கு வந்து ஜப்பானோடு நின்றுவிட்டது. டிஎஸ் லைட்டின் கீழ்த்துளையில் அது ஓடும், கார்ட்ரிட்ஜ் கொஞ்சம் வெளியே துருத்திக்கொண்டிருக்கும். அதில் பட்டன்தான், சுண்டல் தொல்லை இல்லை.

கருவியின் உடம்போடு விளையாடுபவை

தோஷியோ இவாய் ஒரு மீடியா கலைஞர். அவர் 2005இல் செய்த 'எலெக்ட்ரோபிளாங்க்டன்' வழக்கமான பொருளில் கேமே அல்ல. வெற்றி, தோல்வி, மதிப்பெண் எதுவும் இல்லை. பத்து வகை நுண்ணுயிர்கள் இருக்கின்றன. தொட்டால், கோடு வரைந்தால், மைக்கில் கைதட்டினால் அவை இசைக்கும். நான்கு மீன்களிடம் நான்கு ஒலியைப் பதிந்து அடுக்கலாம். இலைகளின் கோணத்தைத் திருப்பினால், அவற்றில் மோதித் தாவும் உயிர்களின் ராகம் மாறும். நீங்கள் செய்த இசையைச் சேமிக்க முடியாது. பலர் இதைக் குறை என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை, சேமிக்க முடியாது என்பதால் அப்போதே முழுதாகக் கேட்கிறோம். இரவில் விளக்கை அணைத்துவிட்டு இயர்போனோடு ஆடுங்கள்.

'அனதர் கோட்' 2005இல் சிங் என்ற நிறுவனம் செய்த மர்மக் கதை. ஆங்கிலத்திலும் உண்டு, அமெரிக்காவில் அதன் பெயர் 'ட்ரேஸ் மெமரி'. அதில் ஒரு புதிரில் திரையை எவ்வளவு தொட்டாலும் ஒன்றும் நடக்காது. கருவியைப் பாதி மடித்து, ஒரு திரையின் பிம்பம் மற்றொன்றில் விழும்படி பார்க்க வேண்டும். விடையை நானே சொல்லிவிட்டேன் என்று கோபிக்க வேண்டாம், இதைச் சொல்லாமல் 2டிஎஸ் ஏன் ஆகாது என்று விளக்க முடியாது. மற்ற புதிர்களை நீங்களே கண்டுபிடியுங்கள்.

தாளம் பிடித்துவிட்டது என்றால் 2007இல் வந்த டிஎஸ்ஸுக்கான 'தைக்கோ நோ தாத்சுஜின்' வாங்குங்கள். இரண்டு கையாலும் மேளம் கொட்ட, பெட்டியிலேயே இரண்டு ஸ்டைலஸ் வைத்துக் கொடுத்தார்கள். பழையதாக வாங்கும்போது அவை உள்ளே இருக்கின்றனவா என்று கேளுங்கள்.

பேரம் பேசும் டிங்கிள்

பச்சை உடை அணிந்து தன்னைத் தேவதை என்று நம்பும் முப்பத்தைந்து வயது மனிதர் டிங்கிள். நிண்டெண்டோவின் செல்டா சாகச கேம்களில் ஓரத்தில் வந்து போனவரை நாயகனாக்கி வான்பூல் நிறுவனம் 2006இல் ஒரு கேம் செய்தது. ஐரோப்பாவுக்கு அடுத்த ஆண்டு ஆங்கிலத்தில் வந்தது, அமெரிக்காவுக்கு வரவேயில்லை. ஐரோப்பியக் கார்ட்ரிட்ஜை வாங்குங்கள்.

இதில் காசுதான் உயிர். அடி வாங்கினால் காசு குறையும், காசு தீர்ந்தால் கதை முடிந்தது. யாரிடமாவது விஷயம் கேட்டாலும் காசு கொடுக்க வேண்டும், எவ்வளவு என்று அவர் சொல்ல மாட்டார். குறைத்துக் கொடுத்தால் வாங்கிக்கொண்டு வாய் திறக்க மாட்டார், கூட்டிக் கொடுத்தால் மிச்சம் திரும்பி வராது. தொடக்கத்தில் எரிச்சலாக இருக்கும். பேரம் பேசுவதற்கு முன் கண்டிப்பாகச் சேமியுங்கள். தவறான தொகை சொன்னால் கருவியை அணைத்துவிட்டுச் சேமித்த இடத்திலிருந்து வேறு தொகை சொல்லிப் பாருங்கள். சரியான விலைகளை ஒரு தாளில் குறித்துக்கொண்டால் பாதி கேம் கைக்குள். விற்கும்போது மட்டும் கூச்சப்படாமல் உயர்த்திக் கேளுங்கள்.

எழுத்து நிறைந்தவை கடைசியில்

2009 செப்டம்பரில் கொனாமி வெளியிட்ட 'லவ் பிளஸ்' போன்றவற்றைத் தொடக்கத்திலேயே வாங்கி ஏமாறாதீர்கள். நிஜக் கடிகாரத்தோடு ஓடும் காதல் கேம் அது. அதன் ரசிகர்களை வரவேற்க அதாமி என்ற கடற்கரை ஊரே 2010இல் விடுதிகளைத் தயார்செய்யும் அளவுக்கு ஜப்பானில் கொடிகட்டிப் பறந்தது. ஆனால் முழுக்க முழுக்கப் பேச்சு. மொழி தெரியாமல் அதில் ஒன்றும் இல்லை.

இத்தகைய கேம்களை ஆடியே தீர வேண்டுமென்றால் போன் கேமராவின் மொழிபெயர்ப்பு உதவும். டிஎஸ் திரை 256க்கு 192 புள்ளிகள்தான் என்பதால் 'காஞ்சி' எனப்படும் சீன வழி எழுத்துகள் நசுங்கித் தெரியும், கேமரா தடுமாறும். திரை வெளிச்சத்தை ஒரு படி குறைத்து, மேல் விளக்கு பிரதிபலிக்காத கோணத்தில் பிடித்தால் ஓரளவு படிக்கும். அப்படியும் பிடிபடாத எழுத்துக்கு டிஎஸ்ஸிலேயே ஒரு வழி உண்டு. 2006இல் நிண்டெண்டோ வெளியிட்ட 'காஞ்சி சோனோமாமா டிஎஸ் ரக்குபிகி ஜிதென்' என்ற அகராதிக் கார்ட்ரிட்ஜில், காஞ்சியைப் பார்த்து அப்படியே ஸ்டைலஸால் வரைந்தால் பொருளும் உச்சரிப்பும் வரும். இதற்கு இரண்டாவது டிஎஸ் ஒன்று பக்கத்தில் வேண்டும். கீல் விரிந்ததாக இருந்தாலும் பரவாயில்லை, ஹார்ட் ஆஃபின் ஜங்க் பெட்டியிலிருந்து எடுத்ததே போதும்.